சக்தி உள்ளவருக்கும் சாதாரண ஆளுக்கும் காதல்: தொடர்களில் இது ஏன் பாதியிலேயே கலைகிறது?

மஞ்சக்குப்பத்துக்காரி:

ரொம்ப நாளாக மனதில் கிடப்பதை இங்கே கொட்டிவிடுகிறேன், நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மாயமந்திரத் தொடர்கள் என்றால் எனக்கு உயிர். புதுயுகம் தொலைக்காட்சியில் கொரியத் தொடர்களைத் தமிழில் போட்ட காலத்தில் பிடித்த பழக்கம், அப்புறம் இங்கிலீஷ் தொடர்கள், சன் டிவியில் நாகினி என்று எதையும் விட்டதில்லை. ஆனால் எதைப் பார்த்தாலும் ஒரே இடத்தில் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. ஜோடியில் ஒருவருக்கு ஏதோ சக்தி இருக்கும். இன்னொருவர் நம்மைப் போல வேலைக்குப் போய், பஸ் பிடித்து, களைத்துப்போய் வீடு திரும்புகிற ஆள். இந்தச் சாதாரண ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று கதை எழுதுகிறவர்களுக்குத் தெரிவதே இல்லை. கொன்றுவிடுகிறார்கள், அல்லது அவருக்கும் ஒரு சக்தியைக் கொடுத்துச் சமமாக்குகிறார்கள், அதுவும் இல்லையென்றால் சக்தி உள்ளவரிடமிருந்து அதைப் பிடுங்கிவிடுகிறார்கள். இருவரும் இருக்கிறபடியே இருந்து ஒரு வீட்டில் குடித்தனம் நடத்துவதை மட்டும் காட்ட மாட்டார்கள்.

பிவிட்ச்டு தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 1964 இல் அமெரிக்காவில் ஆரம்பித்து 1972 வரை எட்டு சீசன் ஓடியது. சமந்தா மந்திரக்காரி, டாரின் விளம்பரக் கம்பெனியில் வேலை பார்ப்பவன். கல்யாணம் முடிந்து தேனிலவுக்குப் போன இடத்தில்தான் அவள் உண்மையைச் சொல்கிறாள். அவன் கேட்பது ஒன்றுதான், இனிமேல் மந்திரம் கூடாது. அவளும் சரி என்கிறாள். அந்த வாக்கு உடைவதும் சமாளிப்பதும்தான் எட்டு வருட நகைச்சுவை. சின்ன வயதில் இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இப்போது பார்க்கும்போது இருவருக்காகவும் வருத்தமாக இருக்கிறது. அவள் தன் இயல்பையே மறைத்து வைக்க வேண்டியிருக்கிறது. அவனோ எதற்குத் தலையாட்டுகிறோம் என்று தெரியாமலே கல்யாணம் செய்துகொண்டவன்.

ரத்தக் காட்டேரிகளை வேட்டையாடும் சக்தி உள்ள பெண்ணின் கதையான பஃபி தொடரில், அவள் காதலன் ரைலி கதை இன்னும் மோசம். அவன் ராணுவத்து ஆள், மருந்து கொடுத்து உடம்பைப் பலமாக்கி வைத்திருந்தார்கள். ஐந்தாவது சீசனில் அந்தப் பலம் போய்ச் சாதாரண மனிதனாகிவிடுகிறான். பஃபிக்கு அம்மா உடல்நிலை, தங்கையைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு என்று தலைக்கு மேல் பாரம். அவள் எந்தப் பாரத்தையும் இவன் தோளில் இறக்குவதே இல்லை. கடைசியில் அவன் ரத்தக் காட்டேரிகளிடம் போய்த் தன் கையைக் கடிக்கக் கொடுக்கிறான். அந்த ஜென்மங்களுக்காவது தான் தேவைப்படுகிறோம் என்கிற ஏக்கம் அது. அந்தக் காட்சி பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இணையத்தில் பலர் ரைலியைத் திட்டித் தீர்க்கிறார்கள். அவன் செய்தது சரியென்று நானும் சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டில் அவனுக்கென்று ஒரு வேலை இருந்ததா? அதைத்தான் கேட்கிறேன்.

இது ஒழுங்காக வந்த தொடர் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். உங்கள் கருத்து வேறாக இருந்தாலும் எழுதுங்கள்.

கெடிலக்கரை:

அக்கா, நீங்கள் சொன்ன மூன்றில் இரண்டை ஒரே பெண்ணுக்குச் செய்த தொடர் ஒன்று இருக்கிறது, ஸ்மால்வில். 2001 முதல் 2011 வரை பத்து சீசன். பின்னாளில் சூப்பர்மேன் ஆகப்போகிற கிளார்க், தன் சக்தி பற்றிய ரகசியத்தைக் காதலி லானாவிடம் சொல்லாமலே வருடக்கணக்கில் இழுக்கிறான். ஐந்தாவது சீசனில் நூறாவது எபிசோடில் ஒருவழியாகச் சொல்லி, பனிப்பிரதேசத்தில் இருக்கிற தன் கோட்டைக்கே கூட்டிப்போய்க் கல்யாணம் பேசுகிறான். அவளும் சம்மதிக்கிறாள். அன்று இரவே விபத்தில் இறக்கிறாள். அவன் காலத்தைத் திருப்பிவைத்து அவளைக் காப்பாற்றுகிறான், ஆனால் இந்த முறை உண்மையைச் சொல்வதில்லை. அவள் சம்மதித்தது அவளுக்கே தெரியாது! அவள் உயிருக்குப் பதிலாக அவன் அப்பா போய்விடுகிறார்.

எட்டாவது சீசனில் அவளுக்கும் சக்தி கொடுத்தார்கள். இனிமேலாவது சேருவார்கள் என்று நினைத்தால், அவன் பலத்தைக் குலைக்கிற கிரிப்டோனைட் என்கிற கல்லின் சக்தி முழுவதும் அவள் உடம்பில் ஏறிவிடுகிறது, பக்கத்தில் வந்தாலே அவன் சுருண்டு விழுகிறான். சக்தி இல்லாதபோதும் சேரக்கூடாது, வந்த பிறகும் சேரக்கூடாது. பத்தாம் வகுப்பில் இதைப் பார்த்துவிட்டு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

வில்லியனூர்க்காரன்:

எனக்கு வேறு கருத்து. ரகசியத்தை மறைப்பது பெரிய குற்றம் மாதிரி எல்லோரும் பேசுகிறோம். எதிரி யாரென்று தெரியாத நிலையில் வீட்டில் இருப்பவருக்கு விஷயம் தெரிந்தால் அவரைப் பிடித்துவைத்து மிரட்டுவான். தெரியாமல் இருப்பதே பாதுகாப்பு. காவல்துறையில், ராணுவத்தில் இருப்பவர்கள் எல்லாவற்றையும் வீட்டில் சொல்கிறார்களா? சொல்லக்கூடாது என்று விதியே இருக்கிறது. கிளார்க் சொல்லாததில் எனக்குத் தப்பாக எதுவும் தெரியவில்லை. சொன்ன அன்றே அவள் செத்துப்போனாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

மஞ்சக்குப்பத்துக்காரி:

அண்ணா, ராணுவத்தில் இருப்பவர் இன்று எங்கே போகிறேன் என்று சொல்லாமல் இருக்கலாம், தான் ராணுவத்தில் இருப்பதையே மறைத்துக் கல்யாணம் செய்வதில்லையே. வித்தியாசம் அங்கேதான்.

பாதுகாப்புக்காக என்கிற காரணம் எந்தத் தொடரிலாவது பலித்திருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். தி ஃபிளாஷ் 2014 இல் ஆரம்பித்தது. பேரிதான் மின்னல் வேகத்தில் ஓடுகிற ஃபிளாஷ் என்பது, அவன் விரும்புகிற ஐரிஸின் அப்பாவுக்குத் தெரியும், அவள் காதலன் எடிக்குத் தெரியும், ஆய்வுக்கூடத்தில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அந்த ஃபிளாஷைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிற ஐரிஸுக்கு மட்டும் முதல் சீசன் முடியப்போகிற நேரம் வரை தெரியாது. அதுவும் யாரும் சொல்லித் தெரியவில்லை, அவளாகவே கண்டுபிடித்தாள். அவளைப் பாதுகாப்பதற்காக என்று அவள் அப்பாதான் வாயைக் கட்டினார். இத்தனைக்கும் ஆபத்து அவளைத் தேடி வராமல் இருந்ததா? வந்துகொண்டேதான் இருந்தது. எதற்காகத் தன்னைத் துரத்துகிறார்கள் என்றுகூடத் தெரியாமல் அவள் ஓடினாள், அவ்வளவுதான் மிச்சம்.

இன்னொன்று, மந்திரக்காரி சகோதரிகள் மூவரின் கதையான சார்ம்டு. 1998 இல் வந்த முதல் சீசனில் மூத்தவள் ப்ரூவுக்கும் ஆண்டிக்கும் காதல். ஆண்டி சாதாரண போலீஸ் இன்ஸ்பெக்டர், சின்ன வயதிலிருந்து பழக்கம். எல்லோரையும் உண்மை மட்டுமே பேசவைக்கும் மந்திரம் ஒன்றைப் போட்டுவிட்டு, தான் மந்திரக்காரி என்று அவனிடம் சொல்லி, உன்னால் ஏற்க முடியுமா என்று கேட்கிறாள். முடியும் என்று அவனால் சொல்ல முடியவில்லை. மந்திரம் கலைந்ததும் அந்தப் பேச்சே அவனுக்கு மறந்துவிடும். அவன் பதில் அவளுக்கு மட்டும் தெரியும்! எனக்கு அந்த எபிசோடு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் அவன் பயப்பட்டதைக் கெட்ட குணமாகக் காட்டவில்லை. ஆனால் யோசிக்க அவகாசம் கொடுத்திருந்தால், ஒரு மாதம் கழித்து அவன் வேறு பதில் சொல்லியிருக்கலாம். சீசன் முடிவில் அந்தச் சகோதரிகளைக் காப்பாற்றப் போய் இறந்துவிடுகிறான்.

தேவனாம்பட்டினம் அலை:

ஒழுங்காக வந்த தொடர் கேட்டீர்களே, கொரியாவின் ஸ்ட்ராங் வுமன் டூ பாங் சூன் பாருங்கள். 2017, மொத்தம் பதினாறு எபிசோடுதான். பாங் சூன் ஒல்லியான சின்னப் பெண், ஆனால் வெறும் கையால் பஸ்ஸை நிறுத்திவிடுவாள். அவள் வம்சத்தில் பெண்களுக்கு மட்டுமே வருகிற பலம், குற்றமில்லாதவரை அடித்துவிட்டால் போய்விடும்.

அவளைச் சுற்றி இரண்டு பேர். ஒருவன் சின்ன வயதிலிருந்து அவள் மனதில் இருக்கிற போலீஸ்காரன். அவனுக்கு மென்மையான பெண் பிடிக்கும் என்று நினைத்து அவன் எதிரில் எதையும் தூக்க முடியாதவள் போல நடந்துகொள்வாள். இன்னொருவன் மின் ஹ்யூக், விளையாட்டு மென்பொருள் கம்பெனி முதலாளி. தெருவில் ரௌடிகளை அவள் தூக்கி வீசுவதைப் பார்த்துவிட்டுத்தான் அவளை மெய்க்காப்பாளராக வேலைக்கே கூப்பிடுகிறான். முதல் நாளிலிருந்தே அவனுக்கு எல்லாம் தெரியும். அவன் முன்னால் அவள் நடிக்க வேண்டியதே இல்லை. அவளை உட்காரவைத்து, இந்தப் பலத்தை எந்த அளவுக்குப் பயன்படுத்துவது என்று பழக்கியும் விடுகிறான்.

நடுவில் அவள் ஏமாற்றப்பட்டு ஒரு அப்பாவியைக் காயப்படுத்த, பலம் போய்விடுகிறது. அக்கா சொன்ன அந்தப் பிடுங்கும் வழிதான் வந்துவிட்டது என்று நானும் நினைத்தேன். பலம் இல்லாத பாங் சூனிடமும் அவன் அதே மாதிரிதான் இருக்கிறான். கடைசிப் பகுதியில் அவள் உடம்பில் வெடிகுண்டைக் கட்டி மாடியில் விட்டிருப்பார்கள், போய்விடு என்று அவள் கத்துவாள், அவன் நகரவே மாட்டான். அப்போதுதான் பலம் திரும்பி வருகிறது. முடிவிலும் பலம் அவளிடமே இருக்கிறது, அவன் சாதாரண ஆளாகவே இருக்கிறான், கல்யாணமும் நடக்கிறது. நடுவில் வருகிற ரௌடிக் காமெடி கொஞ்சம் இழுவைதான், அதைத் தள்ளிவிட்டுப் பாருங்கள்.

லாஸ்பேட்டை:

மின் ஹ்யூக் பணக்காரன், கம்பெனி முதலாளி. அவனைச் சாதாரண ஆள் கணக்கில் சேர்க்க முடியுமா?

தேவனாம்பட்டினம் அலை:

நியாயமான கேள்விதான். பணம் அவனுக்கு ஒரு பிடிமானம், மறுக்கவில்லை. ஆனால் அந்த மாடியில் பணம் எதற்கும் உதவவில்லை, அவன் நின்றதுதான் உதவியது.

காரைக்கால் மாங்கனி:

இழை முழுவதையும் மேலிருந்து கீழே படித்தேன். எல்லோரும் அமெரிக்கா, கொரியா என்று போகிறீர்கள், எங்கள் ஊர்க் கதை யாருக்கும் நினைவுக்கு வரவில்லையா? நான் பிறந்தது காரைக்கால், இப்போது வேலைக்காகப் புதுச்சேரியில் நெல்லித்தோப்புப் பக்கம் இருக்கிறேன். ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவுக்கு மட்டும் எப்படியாவது ஊர் போய்விடுவேன், வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழத்தை வாரி இறைப்பார்கள்.

காரைக்கால் அம்மையாரான புனிதவதி கதையைப் பக்திக் கதையாகவே கேட்டு வளர்ந்தோம். ஒருமுறை கணவன் பக்கம் நின்று கேட்டுப் பாருங்கள். பரமதத்தன் வணிகன். கடைக்கு வந்த இரண்டு மாம்பழத்தை வீட்டுக்கு அனுப்புகிறான். அவள் ஒன்றைச் சிவனடியாருக்குப் படைத்துவிடுகிறாள். மதியம் சாப்பிட வந்தவன் மிச்சமிருந்த ஒன்றைத் தின்றுவிட்டு, ருசியாக இருக்கிறது, இன்னொன்றையும் போடு என்கிறான். அவள் உள்ளே போய் வேண்ட, கையில் ஒரு கனி வருகிறது. அதன் ருசி வேறு. எங்கிருந்து வந்தது என்று கேட்கிறான், அவள் மறைக்காமல் சொல்கிறாள். நம்ப முடியாமல், அப்படியானால் இன்னொன்று வரவழை என்கிறான். அதுவும் வருகிறது, அவன் கையில் வாங்கியதும் மறைந்துபோகிறது.

அந்த நிமிடத்தில் அவன் மனதில் என்ன ஓடியிருக்கும்? காலையில் பழம் கொடுத்து அனுப்பும்வரை மனைவி. இப்போது யாரென்றே தெரியவில்லை. அவன் சண்டை போடவில்லை, அடிக்கவில்லை, ஊரில் சொல்லவும் இல்லை. அதே வீட்டில் இருந்துகொண்டே விலகிவிடுகிறான். அப்புறம் வணிகம் என்று சொல்லிக் கப்பலேறிப் போய், பாண்டிய நாட்டில் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டு, பிறந்த பெண் குழந்தைக்குப் புனிதவதி என்று பெயரும் வைக்கிறான். உறவினர்கள் இவளைப் பல்லக்கில் ஏற்றி அங்கே கூட்டிப்போனால், புது மனைவியோடும் குழந்தையோடும் வந்து இவள் காலில் விழுகிறான். இவள் மானிடப் பெண் அல்ல, தெய்வம் என்கிறான்.

நான் இவ்வளவு நேரம் எழுதியது அந்த ஒரு இடத்துக்காகத்தான். பயம் ஒருவனைத் துரத்தியது, சரி, ஆனால் அவன் திரும்பி வராதபடி கதவைச் சாத்தியது அந்தக் கும்பிடுதான். காலில் விழுந்துவிட்டால் அப்புறம் பக்கத்தில் உட்கார முடியாது. அவளும் அதைப் பார்த்த பிறகுதான், இவனுக்காகத் தாங்கிய இந்த உடம்பு இனி வேண்டாம் என்று பேயுருவம் கேட்கிறாள். தொடர்களில் வருகிற எத்தனையோ காதலர்கள் இதைத்தான் செய்கிறார்கள். சக்தி தெரிந்ததும் ஒன்று ஓடுகிறார்கள், இல்லை ரசிகராகிவிடுகிறார்கள். துணையாக இருப்பவர் குறைவு.

தேவனாம்பட்டினம் அலை:

இதைப் படித்த பிறகு என்ன எழுதுவதென்று தெரியவில்லை அக்கா. குழந்தைக்கு அவள் பெயரை வைத்தான் என்பதை இத்தனை நாள் பக்தி என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தேன், அவன் அவளை மறக்கவே இல்லை என்றும் படிக்கலாம் போல.

முத்தியால்பேட்டை தமிழாசிரியர்:

மாங்கனி அம்மா எழுதியது சேக்கிழார் சொன்னதோடு பொருந்தியே இருக்கிறது, நன்றாக எடுத்துவைத்திருக்கிறீர்கள். நான் பணி ஓய்வு பெற்றவன், இந்தத் தொடர்களில் பேத்தி போடுகிற சிலவற்றை மட்டும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஒரு கதையைச் சேர்க்கத் தோன்றுகிறது.

தமயந்தி சுயம்வரத்தில் இந்திரன், அக்கினி, எமன், வருணன் நால்வரும் நளன் உருவத்திலேயே வந்து உட்காருகிறார்கள். ஐந்து நளன்கள். அவள் எப்படிக் கண்டுபிடித்தாள் என்பதைப் புகழேந்தி நளவெண்பாவில் ஒரே வெண்பாவில் முடித்துவிடுகிறார். எவனுக்குக் கண் இமைத்ததோ, எவன் கால் தரையில் பட்டதோ, எவன் கழுத்து மாலை வாடியதோ அவனே நளன். தேவர்களிடம் இல்லாததெல்லாம் மனிதனிடம் குறையாக இருக்கிறது, அந்தக் குறைகளே அவளுக்கு அடையாளம். எந்தச் சக்தியும் இல்லாத ஒருவனை, சக்தி உள்ள நால்வரை விட்டுவிட்டு, முழு விவரமும் தெரிந்து தேர்ந்தெடுத்த பெண் அவள்.

உங்கள் தொடர்களில் சாதாரண ஆளை வெறும் அப்பாவியாகக் காட்டுகிறார்கள் என்பது என் வருத்தம். அவனிடம் எதைக் கண்டு அந்தச் சக்தி உள்ள பெண் விரும்பினாள் என்பதைச் சொல்ல வேண்டாமா? அழகு, நல்ல மனது என்று இரண்டு சொல்லில் தாண்டிவிடுகிறார்கள். களைப்படைவதும் வயதாவதும் மறதியும் தடுமாற்றமும் உள்ள ஒருவனிடம் மட்டுமே கிடைக்கிற ஏதோ ஒன்று அவளுக்குப் பிடித்திருக்க வேண்டும் அல்லவா? அதைக் காட்டினால் பாதிச் சிக்கல் தீரும்.

லாஸ்பேட்டை:

ஐயா, நீங்கள் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எனக்கு இந்த மாதிரி ஜோடியே சரியாகப் படவில்லை. கொரியாவின் காப்ளின் தொடரில் நாயகனுக்கு 939 வயது, அவள் பள்ளிக்கூடம் முடிக்காத பெண். அவன் மனம் கலங்கினால் மழை பெய்யும், கதவைத் திறந்தால் வேறு நாடு. அவளுக்கோ இருக்க வீடில்லை, சித்தி வீட்டில் அடி வாங்கிக்கொண்டிருக்கிறாள். இதில் அவள் விருப்பப்பட்டுத் தேர்ந்தெடுக்கிறாள் என்று எப்படிச் சொல்வது? கோபம் வந்தால் ஒருவர் இன்னொருவரை ஒரு விரலால் நசுக்கிவிடலாம் என்கிற வீட்டில் மனம்விட்டுச் சண்டைகூடப் போட முடியாது. எனக்குச் சமமான இருவர் காதல்தான் காதல். பஃபியில் வில்லோ, தாரா என்கிற ஜோடி, இருவருமே மந்திரம் தெரிந்தவர்கள், அவர்களைப் பார்க்க நிம்மதியாக இருந்தது.

மஞ்சக்குப்பத்துக்காரி:

காப்ளின் விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன், அந்த வயது எனக்கும் உறுத்தியது. இசையும் படப்பிடிப்பும் அதை மறைத்துவிடுகின்றன.

ஆனால் வில்லோ தாரா நிம்மதி என்றீர்களே, அங்கேதான் பெரிய அநியாயம் நடந்தது. சண்டை வந்ததும் தாராவின் நினைவை மந்திரத்தால் அழித்துவிட்டாள் வில்லோ. தாராவுக்கும் மந்திரம் தெரியும், அது அவளைக் காப்பாற்றவில்லை. இருவருக்கும் சக்தி இருந்தால் சமம் என்பது சரியில்லை. உண்மை தெரிந்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே போகிற வழியும் இருந்தால் அங்கே சமம் இருக்கிறது. தாரா அதைத்தான் செய்தாள், உண்மை தெரிந்ததும் கிளம்பிப் போனாள்.

மை லவ் ஃப்ரம் தி ஸ்டார் என்கிற கொரியத் தொடரில் வருகிறவனும் 1609 இல் பூமிக்கு வந்த வேற்றுக்கிரகவாசிதான், நானூறு வருடமாக இருக்கிறான். ஆனால் எதிரில் நிற்கிற சோங் யீ வளர்ந்த பெண், பெரிய நடிகை, வாய்க்கு வாய் பேசுகிறவள். அவனைக் கண்டு ஒரு நாளும் ஒடுங்கவில்லை. கடைசியில் அவன் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிடுவான், திடீரென்று திரும்பி வருவான், அது தெரிந்தே அவள் சேர்ந்து வாழ்கிறாள். வேண்டாம் என்று போக அவளால் முடியும், போகவில்லை. அது எனக்கு நிறைவாக இருந்தது.

வில்லியனூர்க்காரன்:

முதலில் நான் எழுதியதற்கு நிறைய பதில் வந்திருக்கிறது. ரைலியைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும்.

என் மனைவி பெரிய மருத்துவமனை ஒன்றில் அவசரப் பிரிவில் செவிலியர். இரவுப் பணி முடிந்து வரும்போது அன்றைக்கு ஒரு உயிரைப் பிடித்து நிறுத்தியிருப்பாள், அல்லது ஒரு உயிர் கைவிட்டுப் போயிருக்கும். நான் இரும்புக்கடை வைத்திருக்கிறேன், ஆணியும் குழாயும் விற்கிறவன். கல்யாணமான புதிதில் அவள் எதையும் சொல்ல மாட்டாள், சொன்னாலும் எனக்குப் புரியாது என்று நினைத்துவிட்டாள். நானும் என்ன கேட்பதென்று தெரியாமல் சும்மா இருந்தேன். ரைலி முகத்தில் வருகிற அந்த வெறுமை எனக்குத் தெரியும்.

மாறியது எப்படி என்றால், பேருந்து நிலையத்திலிருந்து வண்டியில் கூட்டி வரும்போது அவள் பின்னால் உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். முகம் பார்க்க வேண்டியதில்லை என்பதால் எளிதாக இருந்ததோ என்னவோ. நான் யோசனை எதுவும் சொல்வதில்லை, கேட்டுக்கொண்டே ஓட்டுவேன். அந்த வேலை வேறு யாராலும் முடியாது என்று ஒரு நாள் அவளே சொன்னாள். பஃபி ஒரே ஒரு முறை ரைலியிடம் அம்மாவைப் பற்றி அழுதிருந்தால் அவன் அந்தக் காட்டேரிகளிடம் போயிருக்க மாட்டான் என்பது என் திடமான எண்ணம். மறைப்பது பாதுகாப்பு என்று எழுதினேன், எதிரியிடம் மறைப்பதை இப்போதும் ஆதரிக்கிறேன். துணையிடம் துக்கத்தை மறைப்பது வேறு.

காரைக்கால் மாங்கனி:

அண்ணா, உங்கள் வண்டிக் காட்சியை எந்தத் தொடரிலும் எழுதவில்லையே என்று இருக்கிறது.

மஞ்சக்குப்பத்துக்காரி:

நம் தொடர்களுக்கு வருகிறேன். நாகினியில் சிவன்யா தன் பெற்றோரைக் கொன்றவர்களைப் பழிவாங்கத்தான் ரித்திக் வீட்டு மருமகளாகிறாள். அவனுக்கு எதுவும் தெரியாது. அவளுக்கு அவன்மேல் அன்பு வந்த பிறகும், பாவம், அவன் அங்கே பந்தயப் பொருள் மாதிரிதான் இருக்கிறான். அவனைக் காப்பாற்றுகிறார்கள், கடத்துகிறார்கள், மயக்குகிறார்கள். பாம்புத் தொடர், அம்மன் தொடர், ஆவித் தொடர் எதை எடுத்தாலும் மோதல் முழுவதும் மருமகளுக்கும் வில்லிக்கும்தான். கணவன் கோட் சூட் போட்டுக்கொண்டு ஆபீஸ் போவான், வருவான். மாமியார் கண்ணில் படாமல் பாம்பாக மாறத் தெரிந்தவளுக்கு, கணவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசத் தெரியவில்லை. நம் வீட்டுப் பெண்கள் இவ்வளவு விரும்பிப் பார்க்கிற தொடர்களில், உண்மை தெரிந்த ஒரு கணவனை எழுதினால் என்ன?

கெடிலக்கரை:

நான் ஒரு கதை சொல்கிறேன், நம் ஊரிலேயே நடக்கிற மாதிரி. அவளுக்குக் காற்றைக் கட்டுப்படுத்தும் சக்தி. 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் நம் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்ததே, அந்த மாதிரி ஒரு புயல் வருகிறது. தேவனாம்பட்டினம் கரையில் நின்று அவள் அதன் வேகத்தைப் பாதியாகக் குறைக்கிறாள், அத்தோடு மயங்கி விழுகிறாள், எழுந்திருக்கவே பல நாள் ஆகும். வழக்கமாகத் தொடர் அங்கே முடிந்துவிடும். எனக்கு அதற்கப்புறம்தான் வேண்டும். தானேக்குப் பிறகு எப்படி இருந்தது என்று நம் எல்லோருக்கும் தெரியும். மின்கம்பம் எல்லாம் சாய்ந்து, கரண்ட் இல்லாமல், மோட்டார் ஓடாமல், குடிக்கத் தண்ணீருக்குத் தவித்தோம். எங்கள் தெருவில் ஒருவர் ஜெனரேட்டரைத் தள்ளுவண்டியில் ஏற்றி வீடு வீடாகப் போய்த் தொட்டி நிரப்பிக் கொடுத்தார். பண்ருட்டிப் பக்கம் பலா, முந்திரி எல்லாம் வேரோடு கிடந்ததை மனிதர்கள்தான் அறுத்து வழி உண்டாக்கினார்கள்.

அவள் கணவன் அந்த ஜெனரேட்டர்க்காரன். காற்றை நிறுத்த அவனுக்குத் தெரியாது, அவளுக்கோ தொட்டி நிரப்பத் தெரியாது. அவள் யாரென்று அவனுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. படுத்திருக்கிறவளுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, இன்று எந்தத் தெரு முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போவான்.

தேவனாம்பட்டினம் அலை:

இதை யாராவது எடுத்தால் எங்கள் குப்பமே உட்கார்ந்து பார்க்கும்.

லாஸ்பேட்டை:

இந்த ஜோடி எனக்கும் பிடித்திருக்கிறது. ஒன்று மட்டும் கேட்க வேண்டும், அவனுக்கு எப்போது தெரியும்? கல்யாணம் எங்கே வைக்கிறீர்கள்?

கெடிலக்கரை:

கல்யாணம் திருவந்திபுரம் பெருமாள் கோயிலில்தான், வேறெங்கே. முகூர்த்த நாள் கூட்டத்தில், வரிசையில் நிற்கிற மற்ற மாப்பிள்ளை பெண்களுக்கு நடுவில், தாலி கட்டும் முன்னால் காதருகே குனிந்து சொல்கிறாள். திரையில் பார்க்கப் பிரமாதமாக இருக்கும்.

காரைக்கால் மாங்கனி:

தம்பி, அங்கே சொன்னால் பரமதத்தன் நிலைமைதான் அவனுக்கும். இரண்டு வீட்டுச் சொந்தமும் சுற்றி நிற்கும்போது அவனால் என்ன பதில் சொல்ல முடியும்?

மஞ்சக்குப்பத்துக்காரி:

அதேதான். திரைக்கு நன்றாக இருக்கும், அவனுக்கு நன்றாக இருக்காது. நிச்சயதார்த்தத்துக்கே முன்னால் சொல்ல வேண்டும். பத்திரிகை அடிக்காத, மண்டபத்துக்கோ கோயிலுக்கோ பணம் கட்டாத, யாருக்கும் சொல்லாத நாளில். அவன் முடியாது என்றால் இரண்டு குடும்பத்துக்கும் அவமானம் இல்லாமல் எழுந்து போகலாம். அவன் போகட்டும், ஒரு வாரமோ ஒரு மாதமோ பயந்துகொண்டே இருக்கட்டும், அந்த நாட்களையும் தொடரில் காட்டுங்கள், வேகமாக ஓட்டிவிடாதீர்கள். அப்புறம் அவனாகத் திரும்பி வந்து கேள்வி கேட்கட்டும். வலிக்குமா, தூக்கத்தில் காற்று வருமா, பிள்ளைக்கும் வருமா என்று ஒவ்வொன்றாக. அவள் தெரிந்ததைச் சொல்லட்டும். திருவந்திபுரம் அதற்கப்புறம் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி, மற்றதெல்லாம் நீங்கள் எழுதினபடியே இருக்கட்டும்.

கெடிலக்கரை:

சரி அக்கா, மாற்றிவிட்டேன். பிள்ளைக்கு வருமா என்கிற கேள்விக்கு அவள் என்ன சொல்வாள் என்றுதான் இன்னும் முடிவாகவில்லை. யாராவது சொல்லுங்கள்.